காவிரி உறைந்த வருஷம்

எங்கள் வட்டத்தின் வரலாற்றை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்குக் காரணம் என் எழுத்து அல்ல, என் வாய். கூட்டத்தில் யார் எதை வாசித்தாலும் எழுந்து நின்று ஒரு தப்பாவது சுட்டிக்காட்டாமல் எனக்கு உட்காரத் தெரியாது. ஐம்பதாவது ஆண்டுக்கு மலர் போடுவதென்று முடிவானதும், “அப்ப நீங்களே எழுதிடுங்க மேடம், எங்களுக்கும் நிம்மதி” என்றார் தலைவர். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் கொஞ்சம் பழிவாங்கலும் இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன்.

வட்டம் என்றால் ரஷ்ய இலக்கிய வாசகர் வட்டம். திருச்சியில் இப்படி ஒன்று இருக்கிறது என்று சொன்னால் என் சம்பந்தி வீட்டார் இன்னும் நம்புவதில்லை. எங்களில் ஒருவருக்கும் ரஷ்ய மொழி தெரியாது. ஒருவரும் அந்த நாட்டை எட்டிப் பார்த்ததில்லை. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த சில இளைஞர்கள், தமிழில் வந்த ரஷ்ய நாவல்களை வாங்கிப் படிக்க ஆரம்பித்ததில் தொடங்கியது இது. தலையணைப் பருமன், கெட்டி அட்டை, வழவழப்பான தாள், கொள்ளை மலிவு. வாங்குவதற்கு வேறு காரணம் வேண்டியிருக்கவில்லை. அங்கே ஒரு சைக்கிள் கடையின் மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூடி உரக்க வாசித்தார்கள். சித்திரை வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள உட்கார்ந்து, குளிரில் விறைத்துச் செத்துப்போகும் குதிரைகளுக்காக அழுதார்கள். எதிரே டீக்கடையில் இருந்த பித்தளை பாய்லருக்கு, நாவல்களில் வரும் ரஷ்ய டீப் பாத்திரத்தின் பெயரான சமோவார் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கடைக்காரருக்குக் கடைசிவரை அது ஏன் என்று தெரியாது.

அந்த நாவல்களில் ஒரு தொல்லை உண்டு. ஒரே ஆளுக்கு மூன்று நான்கு பெயர் இருக்கும். அப்பா பெயரோடு சேர்த்து ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று, செல்லமாக இரண்டு. கண்ணால் படிப்பவர்களே தடுமாறும்போது காதால் கேட்பவர்களுக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்? இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார் பெரியவர். வட்டத்தைத் தொடங்கியவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அன்று அவர் பெரியவர் இல்லை, முறுக்கு மீசை வைத்த வெல்டர்.

அவருடைய வழி இதுதான். நாவலில் வரும் ஒவ்வொரு ஆளையும் வட்டத்தில் ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த ஆள் பேசும் இடங்களை அவர்தான் வாசிக்க வேண்டும். நாவல் முடியும்வரை, வட்டத்திலும் வெளியிலும், எல்லோரும் அவரை அந்த ஆளாகவே கூப்பிட வேண்டும். ரஷ்யப் பெயரை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஜெனரல், டாக்டர், பாதிரியார், விதவை என்று கூப்பிட்டால் போதும். ஒரு நாவல் முடிய வருஷம்கூட ஆகும் என்பதால் பல பேருக்கு அந்தப் பெயர் உடம்போடு ஒட்டிக்கொண்டது. பணிமனை வாசலில் சங்கு ஊதியதும், “ஜெனரல், நாளைக்கு எந்த ஷிப்டு?” என்று கூப்பிடுவார்களாம். பாதிரியார் ஒருவருக்குக் கல்யாணமானபோது பந்தியில் நாலு பேர் அவரை அப்படியே கூப்பிட, பெண் வீட்டார் மாப்பிள்ளையைத் தனியாகக் கூட்டிப்போய் விசாரித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் பார்த்ததில்லை. நான் வட்டத்தில் சேர்ந்தபோது சோவியத் யூனியன் உடைந்து, புத்தக வரத்து நின்று, கூட்டம் தென்னூரில் ஒரு வாடகை ஹாலுக்கு வந்துவிட்டது. வேஷம் கொடுக்கும் வழக்கமும் போய்விட்டது. எனக்குக் கிடைத்ததெல்லாம் கதைகள்தான். அந்தக் கதைகளில் ஒன்றைச் சொல்லும்போது மட்டும் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஆரம்ப காலத்தில் ஒரு நாவல் வாசித்தார்கள். ஆலை இருக்கும் ஒரு சின்ன ஊர். ரகசியமாகக் கூடும் தொழிலாளர்கள். அவர்களுக்குள்ளேயே ஒருவன் போலீசுக்கு வேலை செய்கிறான். அந்த ஆளை ஏற்றுக்கொள்ள யாரும் முன்வரவில்லை. ஒரு வருஷம் முழுக்கத் துரோகி என்று கூப்பிடப்பட யாருக்கு ஆசை இருக்கும்? கடைசியில் லால்குடியிலிருந்து ரயிலில் வந்து போய்க்கொண்டிருந்த ஒரு பிட்டர், நான் வாசிக்கிறேன் என்றார். அவருக்கு நல்ல குரலாம். மைக் வேண்டாத குரல். பெரியவர் அந்த நாவலில் தலைவனை ஏற்றுக்கொண்டார்.

நாலு தொழிலாளர்கள் கூடிப் பேசினாலே போலீஸ் சந்தேகப்படும் அளவுக்கு ஊரில் கெடுபிடி இருந்த சமயம் அது. நாவல் பாதி ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை போலீஸ் அந்த மாடி அறைக்கு வந்தது. புத்தகங்களைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போனது; பெரியவரையும் அன்றே பிடித்து உள்ளே வைத்தது. சில வாரங்கள் கழித்து அவர் திரும்பி வந்தபோது உடம்பு பாதியாக இருந்தது. சொன்னது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் லால்குடிக்காரர் அதற்குப் பிறகு வட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். பெரியவரைப் போய்ப் பார்க்கவும் இல்லை. இதற்கு மேல் ஊருக்கு என்ன வேண்டும்?

வேடிக்கைக்காக வைத்த பெயர் கொஞ்ச நாளில் வேடிக்கை இல்லாமல் போயிற்று. முன்பு போட்ட ஒரு மலரில் பெரியவரே எழுதியிருக்கிறார்: எங்களில் ஒருவன் தொப்பியைக் கழற்றினான், அதுதான் அடையாளம், நான் ஆற்றின் மேல் நடந்து தப்பினேன், அக்கரையில் பிடிபட்டேன். பெயர் போடவில்லை. போடாவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் இதே நான்கு வரியை மேடையில் சொல்வார். ஹாலே அமைதியாகிவிடும்.

நான் லால்குடிக்காரரைப் பார்த்திருக்கிறேன். ஆண்டு விழா அன்று ஹாலுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டில், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு ஒருவர் நின்றுகொண்டிருப்பார். உள்ளே பேசுவது ஜன்னல் வழியாக அங்கே கேட்கும். கூட்டம் முடியுமுன் போய்விடுவார். முதல் தடவை அவர் யாரென்று நான் விசாரித்தபோது பக்கத்தில் இருந்தவர் குரலைத் தாழ்த்தி, “அவர்தான் துரோகி” என்றார். செய்ததைச் செய்துவிட்டு என்ன தைரியத்தில் இங்கே வந்து நிற்கிறார் என்றுதான் எனக்கும் தோன்றியது. எல்லோரையும் போல நானும் அதை நம்பினேன்.

வரலாறு எழுத ஆரம்பித்திருக்கும் செய்தி எப்படியோ பரவி, ஒரு நாள் மாலை ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தார். நாற்பது தாண்டிய வயது. லால்குடிப் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். பள்ளி விட்டு நேராக பஸ் பிடித்து வந்திருந்தார், தோளில் பையைக்கூட இறக்கவில்லை. லால்குடிக்காரரின் மகள் என்று சொன்னபோது நான் காபி போடப் போனேன். அப்பா போன வருஷம் காலமாகிவிட்டார் என்று அந்தப் பெண் சமையலறை வாசலில் வந்து நின்று சொன்னார்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். புது மலரிலும் அப்பாவைப் பற்றி அந்த நாலு வரி வருமா? அந்தப் பெண்ணின் பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான், புத்தகம் படிக்கிறவன். தாத்தா இருந்த வட்டம் என்று தேடிப்போய்ப் பழைய மலரை எங்கோ பிடித்துப் படித்துவிட்டு வந்து, தாத்தா போலீசுக்கு ஆளா என்று கேட்டிருக்கிறான்.

“உங்ககிட்ட சண்டை போட வரலைங்க” என்றார். “எங்கப்பா காட்டிக்குடுத்திருந்தா அப்படியே எழுதுங்க, நான் படிச்சுக்கிறேன். ஆனா யாராவது பாத்தாங்களான்னு மட்டும் கேட்டுட்டு எழுதுங்க.”

இதைவிட நியாயமாக ஒருவர் கேட்க முடியாது. பிறகு ஏன் அவர் வட்டத்துக்கு வரவில்லை, ஏன் பெரியவரைப் பார்க்கவில்லை என்று நான் கேட்டேன். அதற்கு அந்தப் பெண் சொன்னதைக் கேட்டு என் காபி ஆறிப்போயிற்று. போலீஸ் வந்த அன்று அவர்கள் வாசித்துக்கொண்டிருந்தது, மறுநாள் ஆலையை எப்படி நிறுத்துவது என்று தொழிலாளர்கள் ரகசியமாகத் திட்டம் போடும் இடம். அதில் துரோகிதான் எல்லோரையும்விட ஆவேசமாகப் பேசுவான். லால்குடிக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து முழுக் குரலில் வாசித்திருக்கிறார். கீழே ஞாயிற்றுக்கிழமைத் தெரு. போகிற வருகிற யாரோ கேட்டு, நிஜமாகவே ஏதோ சதி நடக்கிறதென்று போய்ச் சொல்லியிருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. தன் குரல்தான் பெரியவரை உள்ளே தள்ளியது என்று அந்த மனிதர் குன்றிப்போனார். எந்த முகத்தோடு போய் நிற்பது என்று முதலில் போகவில்லை. பிறகு போக நினைத்தபோது ஊர் வேறு மாதிரி பேசத் தொடங்கியிருந்தது.

“வீட்ல அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லைங்க. பேப்பர் படிச்சாக்கூட உதடுதான் அசையும்” என்றார் அந்தப் பெண். அதைச் சொல்லும்போது அவருடைய குரல் என் சின்ன ஹாலில் கணீரென்று இருந்தது.

இது மகள் சொல்லும் கதை. அப்பாவைப் பற்றி மகள் வேறு எப்படிச் சொல்வாள் என்றும் எனக்குத் தோன்றாமல் இல்லை. அன்று இருந்தவர்களில் ஒருவர்தான் உயிரோடு இருக்கிறார். தொப்பியைக் கழற்றியதைக் கண்ணால் கண்டவர். அந்த வாரமே ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினேன்.

பெரியவர் மகனோடு அம்மா மண்டபம் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்த்தி வைத்திருந்தார்கள். ஆடி மாதம். எதிரே காவிரி இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு போனது. மீசை இப்போது வெறும் நரை. என்னை உடனே தெரிந்துகொண்டு, “தப்புக் கண்டுபிடிக்கிற அம்மாவா? வாங்க வாங்க” என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆள் தெளிவாக இருக்கிறார், இன்றைக்கே இதை முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

பழைய கதைகளைக் கேட்டேன். சமோவார் கதையைச் சொன்னார், பாதிரியார் கல்யாணத்தைச் சொன்னார். பிறகு மெதுவாகப் போலீஸ் வந்த நாளைப் பற்றிக் கேட்டேன். அவர் முகம் மாறியது. கையால் ஆற்றைக் காட்டினார்.

“இதோ இது மேலதான் நடந்து போனேன்.”

“கோடைல தண்ணி வத்தியிருந்துச்சா ஐயா?”

“கோடையா? யாரு சொன்னா? உடம்பெல்லாம் நடுங்குது, அவ்வளவு குளிரு. ஆறு கல்லா உறைஞ்சு கெடந்துச்சு. நடுவுல போகயில காலுக்குக் கீழ விரிசல் விட்டுச்சும்மா. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு.”

அவர் தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனார். துரோகி விளக்குக் கம்பத்தடியில் நின்றது, அவன் தலையிலிருந்த ரோமத் தொப்பி, அதைக் கழற்றியதும் வண்டியிலிருந்து போலீஸ்காரர்கள் குதித்தது, குதிரைகளின் மூச்சு வெள்ளையாக வந்தது. சொல்லும்போது அவர் கைகள் நிஜமாகவே நடுங்கின. அவர் பொய் சொல்லவில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். அந்தக் குளிரை அவர் பட்டிருந்தார்.

இத்தனை வருஷமாக மேடையில் அந்த நாலு வரியைக் கேட்டோமே! ஆற்றின் மேல் நடந்தேன் என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் அதிசயமில்லை. சித்திரை வைகாசியில் காவிரியில் மணல்தான் இருக்கும். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். தொப்பி என்றால் பணிமனைத் தொப்பி என்று நினைத்துக்கொண்டோம். பொன்மலையில் பிடிக்க வந்த போலீசிடம் தப்பிக்க ஒருவர் ஏன் காவிரிவரை ஓட வேண்டும் என்று யாராவது கேட்டோமா? ஒற்றுப்பிழைக்கெல்லாம் எழுந்து நிற்கிற நானே கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தில் வழக்கம்போல் நின்று நின்று போனது. நான் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. நேராகத் தென்னூர் ஹாலுக்குப் போய் வட்டத்தின் அலமாரியைத் திறந்து அந்த நாவலைத் தேடினேன். போலீஸ் அள்ளிக்கொண்டு போனதற்குப் பதிலாக எவரோ பிறகு வாங்கிப் போட்ட பிரதி; பெரியவர் திரும்பி வந்த பிறகு மீதியை வாசித்து முடித்தது இதில்தான். பாதிக்கு மேல் அந்த அத்தியாயம் இருந்தது. விளக்குக் கம்பம், ரோமத் தொப்பி, குதிரை மூச்சு, காலடியில் விரியும் ஆறு, அக்கரையில் காத்திருக்கும் போலீஸ். ஒன்றுகூடக் குறையவில்லை. அந்த நாவலில் ஆற்றைக் கடக்கும் தலைவனை ஏற்று வாசித்தவர் பெரியவர்.

அங்கேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வேறு எந்தக் கூட்டத்துக்கு இப்படி ஒரு தப்பு நடக்கும்? மற்றவர்கள் கதை படித்தால் மறந்துவிடுவார்கள். இவர்கள் கதைக்குள் போய்க் குடியேறி, ஒருவரையொருவர் அந்தப் பெயரில் கூப்பிட்டு, வருஷக்கணக்கில் வாழ்ந்து, திரும்பி வரும்போது கைக்கு அகப்பட்டதையும் கொண்டுவந்துவிட்டார்கள். ஒருவருக்கு வீரம் கிடைத்தது. இன்னொருவருக்குத் துரோகம் கிடைத்தது. சொந்த ஊரில், சொந்த சட்டையோடு, சைக்கிள் ஸ்டாண்டில் நின்று அதை அவர் சுமந்திருக்கிறார்.

எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். ஆனால் பெரியவரை எங்கும் குறைத்துச் சொல்லவில்லை. தப்பு வட்டத்துடையது, கேட்டு நம்பிய எங்கள் எல்லோருடையது என்றே எழுதினேன். அப்படியும் வட்டத்தின் தலைவருக்குப் பிடிக்கவில்லை. அவர் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், யார் மனதையும் புண்படுத்தாமல் பேசுவதில் கெட்டிக்காரர். விழா நேரத்தில் எதற்குப் பழசைக் கிளற வேண்டும், பெரியவர் சொன்னதும் வேண்டாம், மறுப்பும் வேண்டாம், மொத்தமாக எடுத்துவிடலாமே என்றார். இறந்தவர் இறந்துவிட்டார் என்றும் சொன்னார். அவர் பேரன் இறக்கவில்லையே என்றேன் நான்.

பெரியவரின் மகன் வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர். அப்பாவைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறவர். அப்பாவுக்குச் சில நாள் மருமகளையே அடையாளம் தெரிவதில்லை என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“அந்த வட்டம் ஒண்ணுதான் அவர் சம்பாதிச்சதுங்க. அதுவும் கதைதான்னு ஊரைக் கூட்டிச் சொல்லப்போறீங்களா?” என்றார்.

நான் கலங்கித்தான் போனேன். உள்ளே போனது நிஜம், உடம்பு கெட்டது நிஜம், அதையெல்லாம் எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். அவர் போன பிறகு வெகுநேரம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உயிரோடு இருக்கும் ஒருவரின் பெருமையை எடுத்து இறந்தவருக்குக் கொடுப்பது என் வேலையா? கொடுக்காமல் இருப்பது மட்டும் நியாயமா? என் கணவரிடம் கேட்டேன். நீ ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்டுத்தான் கேட்கிறாய் என்றார். அது சரிதான்.

மலர் அச்சாகி வந்தது. தலைவர் என் கட்டுரையில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு ஒரே வரி சேர்த்திருந்தார்: ‘கருத்து வேறுபாடு காரணமாகச் சில நண்பர்கள் விலகினர்.’ என்ன அழகான வரி! யாருக்கும் வலிக்காது, யாருக்கும் ஒன்றும் புரியாது. எனக்கு வந்த கோபத்தில் மலரைத் தூக்கிச் சோபாவில் எறிந்தேன். பிறகு போனை எடுத்து லால்குடிக்கு அழைத்து, விழாவுக்கு அவசியம் வாங்க, உள்ளே வந்து உட்காருங்க என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

விழா அன்று ஹால் நிறைந்திருந்தது. வழக்கம்போல ஒரு மேஜை நிறையப் பொன்னாடை. பெரியவரைச் சக்கர நாற்காலியில் முன்வரிசையில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மகன் பக்கத்தில் நின்றார். அந்தப் பெண் நடு வரிசையில் தன் பையனோடு உட்கார்ந்திருந்தார். மலரை அறிமுகம் செய்து சில வார்த்தைகள் பேச என்னைக் கூப்பிட்டார்கள். நான் மலரை மூடி வைத்துவிட்டு, தலைவர் நீக்கிய பகுதியைக் கைப்பையிலிருந்து எடுத்து வாசித்தேன்.

தலைவர் இருமினார். நான் நிறுத்தவில்லை. உறைந்த ஆறு வரும் இடத்தில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அப்படியே பரவியது. திருச்சியில் காவிரி உறைவதா! சிரிப்பதற்காக நான் அதை எழுதவில்லை. பெரியவரின் மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கணத்தில் நான் செய்தது சரிதானா என்று எனக்கே தெரியவில்லை, இன்றும் முழுக்கத் தெரியவில்லை.

அப்போது அந்தப் பெண் எழுந்தார். மைக் கேட்கவில்லை.

“சிரிக்காதீங்க” என்றார். “எங்கப்பாவுக்கு இது சிரிப்பா இல்லை. அவர் யாரையும் காட்டிக்குடுக்கலை. அதை மட்டும் எல்லாரும் ஒரு தடவை கேட்டுக்கங்க.”

ஹால் அடங்கியது. முன்வரிசையில் பெரியவர் தலையை நிமிர்த்தி, குரல் வந்த பக்கம் திரும்ப முயன்றார். கழுத்து திரும்பவில்லை. மகன் நாற்காலியைத் திருப்பினார். பெரியவர் அந்தப் பெண்ணைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அவர் கண்ணில் கோபமோ வெட்கமோ எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் குறைகிறதே என்று பார்க்கும் பார்வைதான் இருந்தது.

“இது அவன் குரல்தானே? லால்குடியான் எங்க? அவன் வாசிக்காம எப்படி?” என்றார். பிறகு வாசல் பக்கம் கையைக் காட்டி, “வெளியிலயே நிக்கிறானா? உள்ள வரச் சொல்லும்மா” என்றார்.

நான் மேடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது, யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். அந்தப் பெண் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து போய், சக்கர நாற்காலி முன்னால் குனிந்து நின்றார்.

“இதைக் கேக்கத்தாங்க ஐயா அவர் வருஷா வருஷம் வந்தார்” என்றார்.

பெரியவரின் கை இன்னும் வாசலைக் காட்டிக்கொண்டிருந்தது. வாசல் அருகில் இருந்த இரண்டு மூன்று பேர் திரும்பி சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.